நூலகத்துக்குப் போன 15 குழுக்கள்: ஒரு முதுநிலை மென்பொருள் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

1996ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் முதுநிலை மென்பொருள் பொறியியல் வகுப்பு தன் மாணவர்களை அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு அனுப்பியது. புத்தகம் எடுக்க அல்ல. நூலகர்களுக்கு என்ன மென்பொருள் தேவை என்று கேட்டு, அதைத் திட்டமிட்டு, முன்மாதிரி செய்து காட்டி, அப்புறம் உண்மையாகவே எழுதிக் கொடுக்க. மொத்தம் 15 குழுக்கள். வகுப்பை நடத்தியவர் பேரி போஹ்ம். மென்பொருள் செலவைக் கணிக்கும் கோகோமோ மாதிரியையும், மென்பொருளைச் சுற்றுச் சுற்றாக வளர்க்கும் சுருள் மாதிரியையும் தந்தவர். 1992இல் பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு முன் டிஆர்டபிள்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தில் பெரிய பாதுகாப்புத் துறைத் திட்டங்களைப் பல ஆண்டுகள் பார்த்தவர்.

குழுவாகச் சேர்ந்து மென்பொருள் எழுதக் கற்றுக்கொள்வது பற்றி நிறையப் பேசப்படுகிறது. இந்த வகுப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நடத்தியவர்கள் என்ன செய்தார்கள், எது சரிப்படவில்லை, அடுத்த ஆண்டு எதை மாற்றினார்கள் என்பதை வெளிப்படையாக எழுதி வைத்ததுதான். முதல் சுற்றின் அறிக்கை 1998இல் ஐஇஇஇ கம்ப்யூட்டர் இதழில் வந்தது. தன் வகுப்பையே ஒரு மென்பொருள் போல வெளியிட்டு, பிழை பார்த்து, திருத்தி வெளியிட்ட ஆசிரியர்கள் அதிகம் பேர் இல்லை.

வழக்கமான குழுத் திட்டத்தின் குறை

வழக்கமாக நடப்பது என்ன? ஆசிரியர் ஒரு பக்கத்தில் கேள்வி தருகிறார்: மருத்துவமனை மேலாண்மை, தேர்வு முடிவுகள், டிக்கெட் முன்பதிவு. நான்கு பேர் சேர்கிறார்கள். ஒருவர் நிரல் எழுதுகிறார், ஒருவர் அறிக்கை எழுதுகிறார், இருவர் கடைசி நாளில் ஸ்லைடு போடுகிறார்கள். செயல்விளக்கம் நடக்கிறது, மதிப்பெண் வருகிறது, நிரல் அன்றோடு செத்துப்போகிறது.

இதில் மாணவர்களின் சோம்பேறித்தனத்தைக் குறை சொல்வது எளிது. எனக்கு அது பாதிக் காரணமாகக்கூடத் தோன்றவில்லை. சிக்கல் அமைப்பில் இருக்கிறது. கேள்வி தருபவரும், பயன்படுத்துபவராக நடிப்பவரும், மதிப்பெண் போடுபவரும் ஒரே ஆள். அவருக்கு அந்த மென்பொருள் தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே தேவை என்ன என்று யாரும் கேட்பதில்லை, மதிப்பெண் எதற்கு என்றுதான் கேட்கிறார்கள். கேள்வித்தாள் முழுதாக இருப்பதால் எதையும் பேரம் பேச வேண்டியதில்லை, எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தரவுத்தளமும் நிரல் மொழியும் நன்றாகவே கற்றுக்கொள்வார்கள். ஆனால் அதற்குக் குழு எதற்கு?

நூலகர்கள் கேட்டது

நூலக வகுப்பில் கேள்வி வேறு விதமாக வந்தது. ஒவ்வொரு நூலகரும் தன் பிரச்சினையை ஒரு பத்தியில் எழுதிக் கொடுத்தார். ஒருவரிடம் ஆவணக் காப்பகத்தில் ஏராளமான புகைப்படங்களும் ஸ்லைடுகளும் திரைச்சுருள்களும் இருந்தன. அவற்றை இணையத்தில் தேடிப் பார்க்க வேண்டும். இன்னொருவருக்கு இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகள்: அவற்றை ஸ்கேன் செய்ய வேண்டும், ஆய்வாளர் உள்ளடக்கத்தைப் படிக்கவும் வேண்டும், எழுதியவரின் கையெழுத்து நடையையும் ஓரக்குறிகளையும் ஆராயவும் வேண்டும்.

இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். படிக்கத் தெரிகிற அளவுக்குப் படம் இருந்தால் போதும் என்றால் கோப்பு சிறியது. கையெழுத்து நடையை ஆராய வேண்டும் என்றால் கதையே வேறு. ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) நுணுக்கத்தில் முழு வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்காத படம் சுமார் 26 மெகாபைட். 1996இல் பலர் வீட்டில் வைத்திருந்த விநாடிக்கு 28.8 கிலோபிட் வேகத் தொலைபேசி மோடமில் அந்த ஒரு பக்கம் இறங்க ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். ஜேபெக் என்ற படச்சுருக்க முறையில் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 12 நிமிடம். சுருக்கினால் மையின் மெல்லிய கோடுகள் மங்கும், ஆய்வாளருக்கு வேண்டியதே அந்தக் கோடுகள்தான். ஆக, ஒரே வாக்கியத்தில் 'படிக்கவும் வேண்டும், ஆராயவும் வேண்டும்' என்று நூலகர் எழுதியது, பொறியாளர் பார்வையில் ஒன்றோடொன்று மோதும் இரண்டு தேவைகள். சின்னப் படம் முதலில், பெரிய படம் கேட்டால் மட்டும் என்று பிரிக்கலாம். வளாகத்துக்குள் இருப்பவருக்கு மட்டும் பெரிய படம் என்று வரம்பு வைக்கலாம். எதைச் செய்வது என்பதை மாணவர் தனியாக முடிவு செய்ய முடியாது. நூலகராலும் தனியாக முடியாது, அவருக்கு மெகாபைட் கணக்கு தெரியாது. இருவரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். ஆசிரியர் எழுதிய கேள்வித்தாளில் இப்படி ஒரு மோதல் இருந்தால், அது தவறு என்று திருத்தி அச்சடித்திருப்பார்கள்!

பேச்சுவார்த்தையைப் பாடமாக்கியது

போஹ்ம் இந்தப் பேச்சை மாணவர்களின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடவில்லை. 1989இல் அவர் முன்வைத்த டபிள்யூ கோட்பாட்டின் சாரம் இது: திட்டத்தில் சம்பந்தப்பட்ட முக்கியமான ஒவ்வொருவரும் தான் வென்றதாக உணர வேண்டும், ஒருவர் தோற்றாலும் நாளடைவில் எல்லோரும் தோற்பார்கள். கேட்க இனிமையான வாசகம், ஆனால் வகுப்பில் அதற்கு ஒரு செயல்முறையும் கணினிக் கருவியும் இருந்தன. வின்வின் என்ற அந்தக் கருவியில் ஒவ்வொருவரும் தன் வெற்றி நிபந்தனைகளைப் பதிவார்கள். மோதும் நிபந்தனைகள் பிரச்சினைகளாக மாறும். பிரச்சினைக்கு மாற்று வழிகள் முன்வைக்கப்படும், அவற்றில் ஒன்று உடன்பாடாகும். கடைசியில் கையில் இருப்பது தேவைகளின் பட்டியல் மட்டும் அல்ல, ஒவ்வொரு தேவையும் எந்த விவாதத்தில் பிறந்தது என்ற தடயமும் கூட.

இதோடு, தாண்டினால்தான் அடுத்த கட்டம் என்று மூன்று மதிப்பாய்வு வாசல்கள் வைக்கப்பட்டன. முதல் வாசலில் கேள்வி: நாம் சொல்வதைக் கட்டி முடிக்க ஒரு வழியாவது இருக்கிறதா? இரண்டாவதில்: எந்த வழி என்று உறுதி செய்துவிட்டோமா, பெரிய இடர்களைத் தீர்த்துவிட்டோமா, தீராதவற்றுக்குத் திட்டம் இருக்கிறதா? மூன்றாவதில்: பயனர் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் மென்பொருள் இருக்கிறதா? முதல் இரண்டும் முதல் பருவத்தில், மூன்றாவது அடுத்த பருவத்தில். ரேஷனல் நிறுவனத்தின் யூனிஃபைடு பிராசஸ் என்ற மென்பொருள் உருவாக்க முறை இதே மூன்றைத் தன் கட்டங்களின் முடிவாக எடுத்துக்கொண்டது, அதனால் தொழிலில் பலருக்கு இவை வேறு வழியாகப் பழக்கம்.

முதல் இரண்டு வாசலிலும் குழு ஐந்து ஆவணங்களைக் கொடுக்க வேண்டும்: செயல்பாட்டுக் கருத்துரு, தேவைகள், கட்டமைப்பு, வாழ்க்கைச் சுழற்சித் திட்டம், சாத்தியப்பாட்டு விளக்கம். கூடவே முன்மாதிரி. கடைசி ஆவணம்தான் என் பார்வையில் முக்கியம். மற்ற நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, இந்தக் கட்டமைப்பை இந்தத் திட்டப்படி இந்தக் காலத்துக்குள் முடித்தால் இந்தத் தேவைகள் நிறைவேறுமா என்று சான்றோடு சொல்வது அதன் வேலை. பெரும்பாலான கல்லூரித் திட்ட அறிக்கைகளில் இந்தப் பகுதியே இருப்பதில்லை. 'சாத்தியப்பாடு' என்ற தலைப்பின் கீழ் தொழில்நுட்பம், பொருளாதாரம், செயல்பாடு என மூன்று பத்தி எழுதி, மூன்றிலும் சாத்தியமே என்று முடித்திருப்பார்கள்.

எங்கே இடித்தது

முதல் ஆண்டு எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை.

பெரிய இடி, எதிர்பார்ப்பில் வந்தது. நூலகர்கள் கணினிக்காரர்கள் அல்லர், மாணவர்கள் நூலகத் துறையினர் அல்லர். எது எளிது, எது கடினம் என்று இரு தரப்புக்கும் வெவ்வேறு கணக்கு. ஆயிரம் படங்களை ஒரே வடிவத்தில் வைத்துத் தேடுவது எளிது. படத்தைப் பார்த்துக் கணினியே விவரக்குறிப்பு எழுத வேண்டும் என்பது அன்றைக்கு ஆராய்ச்சி வேலை. பேச்சில் இரண்டும் ஒரே நீளமுள்ள வாக்கியங்கள்தான். மாணவர்கள் ஆர்வத்தில் தலையாட்டிவிடுவார்கள். முதல் வாரம் ஆட்டிய தலை இரண்டாம் பருவத்தில் கழுத்தை நெரிக்கும்.

போஹ்மும் சக ஆசிரியர்களும் கண்ட தீர்வு ஆடம்பரமில்லாதது. ஒவ்வொரு வகைப் பயன்பாட்டுக்கும் இரண்டு பட்டியல் போட்டார்கள்: எதைச் சேர்த்தால் வேலை எளிதாகும், எதைச் சேர்த்தால் சிக்கலாகும். படக் காப்பகம் என்றால் ஒரே மாதிரிக் கோப்பு வடிவங்கள், கடையில் கிடைக்கும் தேடு மென்பொருள், நிலையான வினவல் மொழி ஆகியவை எளிதாக்குபவை. இயல்பு மொழியில் கேள்வி கேட்பது, கணினி தானாகவே அட்டவணைப்படுத்துவது, பெரிய தொகுப்புகளையோ எளிதில் சிதையக்கூடிய பொருள்களையோ எண்மயமாக்குவது ஆகியவை சிக்கலாக்குபவை. இந்தப் பட்டியலை முதல் சந்திப்பிலேயே மேசையில் வைத்தால், மறுக்கிறார் மாணவர் என்ற எண்ணம் நூலகருக்கு வராது. மறுப்பது பட்டியல்! அதோடு, எதைக் கைவிட்டால் எது கிடைக்கும் என்று நூலகரே பேரம் பேசத் தொடங்கலாம். இது பெரிய ஆராய்ச்சிபோலத் தெரியாது, ஆனால் இந்த நிகழ்வில் மற்ற எதையும்விடப் பிற வகுப்புகளுக்கு எளிதாகக் கொண்டுபோகக்கூடியது இதுதான்.

இரண்டாவது இடி, வரிசையில். திரை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், பார்த்தால் சொல்கிறேன் என்பார்கள் பயனர்கள். பார்க்க ஒன்றும் இல்லாமல் நடத்தும் பேச்சில் உடன்பாடுகள் காகிதத்தில் மட்டும் நிற்கும். எனவே அடுத்த சுற்றுகளில் முன்மாதிரி முன்னால் நகர்ந்தது. முன்மாதிரி செய்பவர் மாணவர் என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 'பிறர் உனக்கு எதைச் செய்ய விரும்புகிறாயோ அதைப் பிறர்க்குச் செய்' என்ற பொன்விதியைப் பின்பற்றும் நிரலாளர், நிரலாளருக்குப் பிடித்த திரையைத்தான் செய்வார் என்று போஹ்ம் எச்சரிப்பது வழக்கமாக இருந்தது. நூலகருக்கு அது எதற்கு?

மூன்றாவது, ஆவணங்களின் எடை. ஐந்து ஆவணங்கள், குழுவில் ஐந்தாறு பேர். கணக்கு இப்படி அமைந்தால் மாணவர்கள் என்ன செய்வார்கள் என்று ஊகிக்க ஞானம் வேண்டாம், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்கள். தேவைகளில் ஒரு பெயர், கட்டமைப்பில் இன்னொரு பெயர், திட்டத்தில் இல்லாத வேலை, முன்மாதிரியில் யாரும் கேட்காத திரை. தைத்த சட்டையின் கை ஒரு அளவு, உடல் இன்னொரு அளவு என்பதுபோல. இந்த ஆவணங்களுக்குப் பின்னால் இருக்கும் மாதிரிகள் இப்படி ஒன்றோடொன்று மோதுவதை போஹ்ம் தனி ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்டார். பின்னர் வகுப்பின் வழிகாட்டியாக வந்த எம்பேஸ் என்ற முறை, தயாரிப்பு, செயல்முறை, பண்புகள், வெற்றி பற்றிய மாதிரிகளை ஒன்றுக்கொன்று முரணில்லாமல் வைத்திருப்பதையே மையமாகக் கொண்டது. அடுத்த ஆண்டுகளில் ஆவணங்களும் மெலிந்தன. எவ்வளவு எழுதுவது என்பதற்கு இடரே அளவுகோல் ஆனது: எழுதாமல் விட்டால் ஆபத்து என்றால் எழுது, எழுதுவதால்தான் ஆபத்து என்றால் விட்டுவிடு.

நான்காவதைச் சரிசெய்வது கடினம். முதல் பருவத்தோடு நின்றுவிடும் மாணவர்கள் இருந்தார்கள், எல்லாத் திட்டங்களும் இரண்டாம் பருவத்துக்குப் போகவில்லை. தொடர்ந்த திட்டங்களிலும் ஆள் மாறியது. ஆவணத்துக்கு அப்போதுதான் உண்மையான வாசகர் கிடைத்தார்: நேற்றுவரை அந்தக் குழுவில் இல்லாத மாணவர். தொழிலில் தினம் நடப்பது இதுதான் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவர் போய்விட்டால் நூலகரோடு வளர்ந்த நம்பிக்கையும் கூடவே போய்விடுகிறது, அதை எந்த ஆவணத்தாலும் மீட்க முடியாது.

நாள் மாறாது, அம்சம் மாறும்

பருவம் முடியும் தேதியை எந்தக் குழுவாலும் தள்ளிப்போட முடியாது. கோடையில் மாணவர்கள் இருக்க மாட்டார்கள். கூடுதல் ஆள் சேர்க்கவும் முடியாது, சேர்த்தாலும் தாமதமான திட்டம் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள் பொறியாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். மீதமிருப்பது ஒன்றுதான்: அம்சங்களைக் குறைப்பது.

இந்தக் கட்டாயத்திலிருந்து, கால அட்டவணையையே மாறாத அளவாக வைத்துத் திட்டமிடும் முறை ஒன்று இந்த வகுப்பில் உருவானது. முதலில் எல்லாரும் ஒரே கனவில் இருக்கிறார்களா என்று பார்ப்பது. அம்சங்களை முன்னுரிமைப்படி அடுக்குவது. கோகோமோ போன்ற கணிப்பைப் பயன்படுத்தி, எப்படியும் முடிந்துவிடும் அளவுக்குப் பட்டியலின் மேலிருந்து எடுத்து அதை மையத் திறன் என்று குறிப்பது. மீதி அம்சங்கள், நேரம் இருந்தால். இதுவரை யாருக்கும் புதிதல்ல. பலர் தவறவிடுவது அடுத்த படி: பின்னால் எதை வெட்ட நேர்ந்தாலும் உடையாதபடி கட்டமைப்பை முன்கூட்டியே அமைப்பது. முன்னுரிமைப் பட்டியலில் கடைசியில் இருக்கும் அம்சம் தரவுத்தளத்தின் நடுவில் வேர்விட்டிருந்தால் அதை எப்படி வெட்டுவது? விட்டுக்கொடுப்பது பேச்சு மேசையில் முடிவாகும் விஷயம் என்று நினைத்த மாணவர்களுக்கு, அது வடிவமைப்பில் முன்பே முடிவாகிவிடுகிறது என்று தெரிந்தது.

மையத் திறன் தயாரானதும், அதை மாணவர் இயக்கிக் காட்டுவதில்லை. வாடிக்கையாளரான நூலகரே விசைப்பலகை முன் உட்கார்ந்து இயக்குவார், மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். செயல்விளக்கத்தில் எந்தப் பொத்தானை அமுக்கக் கூடாது என்று மாணவருக்குத் தெரியும். நூலகருக்குத் தெரியாது.

யார் உழைத்தார்கள்

ஆறு பேர் குழுவில் இருவருக்கிடையிலான தொடர்புகள் 15. அதில் ஒன்று அறுந்தாலும் வேலை எங்கோ தேங்கும். கூட்டத்தில் ஒளிந்துகொண்டு உழைப்பைக் குறைப்பது மனித இயல்பு என்பதைச் சமூக உளவியலாளர்கள் 1979இலேயே கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த வகுப்பு மாணவர்களிடம் வாராவாரம் உழைப்பு நேரத்தைப் பதியச் சொன்னது, தனிநபர் விமர்சன அறிக்கையும் கேட்டது. அந்த நேரப் பதிவு ஆராய்ச்சிக்கும் தரவாயிற்று.

இன்றைக்கு, நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கிட் கருவியின் பதிவுகளை எண்ணி மதிப்பெண் போடும் வழக்கம் வந்திருக்கிறது. அதைவிடக் கெட்ட அளவுகோல் கிடைப்பது கடினம். நூலகரோடு மூன்று மணி நேரம் பேசி, தேவையற்ற ஓர் அம்சத்தை நீக்க வைத்தவரின் பெயரில் கிட்டில் ஒரு வரிகூட இருக்காது. எழுத வேண்டாதபடி அவர் தவிர்த்த நிரல்தான் அந்தப் பருவத்திலேயே குழுவுக்குக் கிடைத்த பெரிய மிச்சம். தானாக உருவாகும் கோப்புகளைப் பதிவேற்றியவர் பட்டியலில் முதலிடத்தில் இருப்பார். மதிப்பெண்ணை வாசல்களில் வைப்பது மேல்: மதிப்பாய்வுக் குழுவின் முன் ஒவ்வொருவரையும், தான் எழுதாத ஆவணத்தைப் பற்றி, கேள்வி கேட்பது. கட்டமைப்பு எழுதியவரிடம் திட்டத்தையும், திட்டம் எழுதியவரிடம் தேவைகளையும். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இது அந்த வகுப்பின் விதி அல்ல, இந்த நிகழ்வைப் படித்துவிட்டு நான் சொல்வது.

பிற வகுப்புகளுக்கு

எல்லாரிடமும் போஹ்ம் இல்லை, 15 பிரச்சினைகளோடு காத்திருக்கும் நூலகமும் இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1989இல் தொடங்கிய முதுநிலைப் படிப்பும் ஸ்டுடியோ என்ற பெயரில் நீண்ட குழுத் திட்டத்தை மையமாக வைத்தது. அங்கும் வழிகாட்டிகளின் நேரம் நிறையச் செலவாகிறது. இதை மலிவாகச் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒற்றைப் பருவம் மட்டுமே கையில் இருக்கும் ஆசிரியர் மூன்று வாசலையும் அடைக்கப் பார்த்தால், எல்லாம் அரைகுறையாகும். அவர் இரண்டாவது வாசலில் நிறுத்திவிடலாம்: முன்மாதிரி, சாத்தியப்பாட்டு விளக்கம், வாடிக்கையாளர் ஒப்புதல். முழு நிரல் இல்லையே என்று துறைத் தலைவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

வாடிக்கையாளரைத் தேடுவதில் ஒரு எச்சரிக்கை உண்டு. மாணவர்கள் மேல் இரக்கப்பட்டு ஒப்புக்கொள்பவர் வேண்டாம், எதைக் காட்டினாலும் அருமை என்பார். பிரச்சினை உண்மையாகவே இருப்பவர், வாரம் ஒரு மணி நேரம் தருபவர், பிடிக்காவிட்டால் வாய்விட்டுச் சொல்பவர் வேண்டும். அதோடு, கட்டி முடித்த பின் அதை ஓட்டப்போவது யார், சர்வர் எங்கே இருக்கும், கடவுச்சொல் யாரிடம் என்ற கேள்விகளை முதல் வாசலிலேயே கேட்டுவிட வேண்டும். நல்ல மென்பொருள்கூட, அதைப் பராமரிக்க அலுவலகத்தில் ஒருவரும் நியமிக்கப்படாததால் கிடப்பில் போகும்.

அந்த வகுப்பே பின்னாளில் நூலகத்தைத் தாண்டி, சுற்று வட்டாரத்தின் லாபநோக்கற்ற அமைப்புகளையும் வாடிக்கையாளர்களாகச் சேர்த்துக்கொண்டது. அப்புறம் இன்னொரு ஏற்பாடு: வேலையில் இருந்துகொண்டு தொலைவிலிருந்து படித்த மாணவர்களால் வாடிக்கையாளரைச் சந்திக்க வர முடியாது. அவர்களைக் குழுவின் வேலையை வெளியிலிருந்து சரிபார்க்கும் சோதனையாளர்களாக அமர்த்தினார்கள். வளாகத்தில் இருக்கும் இளம் மாணவர் எழுதிய கட்டமைப்பு ஆவணத்தை, பகலில் நிறுவனத்தில் இதே வேலையைச் செய்யும் ஒருவர் இரவில் படித்துவிட்டு, இந்த வரி புரியவில்லை என்று திருப்பி அனுப்புவார்.